அங்க கூட்டமா இருக்கும்

என் அப்பா "காசு இல்லை" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "அங்க கூட்டமா இருக்கும்டா" என்பார். டிசம்பர் பள்ளி விடுமுறையில் எந்த இடத்தின் பெயரைச் சொன்னாலும் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். விலங்குத் தோட்டம் என்றால், "மிருகத்தக் கூண்டுல அடச்சு வச்சுப் பாக்குறது பாவம்." சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் கூண்டுக்குப் பதில் அகழி வெட்டித்தான் விலங்குகளை வைத்திருக்கிறார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். செந்தோசா என்றால் வெயில். கெந்திங் என்றால் "மலை ரோடு, தங்கச்சி வாந்தி எடுப்பா." 2000ஆம் ஆண்டில் ஜூரோங்கில் ஸ்நோ சிட்டி திறந்தபோது, வகுப்பில் பாதிப் பேர் போய்வந்து செயற்கைப் பனியில் சறுக்கிய கதையைச் சொன்னார்கள். அப்பா இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சளி பிடிக்கும்."

அம்மா வேறு ரகம். "காசில்ல. அவ்வளவுதான். போய்ப் படு."

எனக்கு அம்மா மேல்தான் கோபம் வரும். அப்பாவின் காரணங்களை நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். பத்து வயதில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லும்போது நாமும் ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து வேண்டாம் என்று சொல்வதுபோல ஒரு கெத்து இருந்தது.

இதையெல்லாம் இப்போது நினைக்கக் காரணம், இந்தச் செப்டம்பரில் எனக்கு வேலை போனதுதான். 'ஆட்குறைப்பு' என்ற சொல்லைச் செய்தியில் படிக்கும்போது கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். குறைக்கப்பட்ட ஆள் நாமாக இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு எழுந்து சட்டையைத் தேய்த்துவிட்டு, எதற்குத் தேய்த்தோம் என்று நிற்கிறோம். டிசம்பரில் சோல் நகரத்துக்குப் போவதாக இருந்தோம். மூன்று பேருக்கு ஏழாயிரம் வெள்ளி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். விமான டிக்கெட் எடுத்திருக்கவில்லை, அதுவரை நல்லது. மகளுக்கு ஆறு வயது. அவளுடைய கே2 வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நவம்பர் கடைசியிலிருந்தே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. ஹொக்கைடோ, சோல், பேர் தெரியாத ஐரோப்பிய ஊர் ஒன்று. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வீங்கிய ஜாக்கெட்டில். எங்கள் வீட்டுச் சன்னலுக்கு வெளியே வடகிழக்குப் பருவமழை.

விடுமுறை கிட்டத்தட்ட ஆறு வாரம். ஆறு வாரத்தை ஏறக்குறையக் காசே இல்லாமல் ஓட்டுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பா ஜொகூரில், கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. இங்கே வந்து ஜாகா வேலை. இப்போது 'பாதுகாவல் அதிகாரி' என்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அது பன்னிரண்டு மணி நேர வேலை. இரவு வேலை முடிந்து காலை எட்டரைக்கு மார்சிலிங் வீட்டுக்கு வருவார். பதினொன்று வரை தூங்குவார். எழுந்து, "கெளம்புங்க" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். ஆச்சரியப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். இப்போது, நானே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பார்க்கும்போது புரிகிறது: முதலிலேயே சொன்னால் நாங்கள் அதைவிட நல்ல இடம் ஒன்றைக் கேட்போம்.

பெரும்பாலும் அது விமான நிலையம். உட்லண்ட்ஸிலிருந்து 858 பேருந்து. யீஷூன் எல்லாம் சுற்றிக்கொண்டு சாங்கிக்குப் போகும். அந்தப் பயணமே பாதி நாள் மாதிரி. ஒரு பிள்ளையை இரண்டு மணி நேரம் சன்னலோரத்தில் உட்கார வைப்பதற்கு அதைவிட மலிவான வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. விமான நிலையத்தில் குளிர்சாதனம், சுத்தமான கழிவறை, தண்ணீர்க் குழாய், விமானம் ஏறி இறங்குவதைப் பார்க்கும் கூடம், முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின். எல்லாம் சும்மா. தள்ளுவண்டியில் தங்கச்சியை உட்கார வைத்து உருட்டிக்கொண்டே நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் மாதிரி நடப்போம். வருகைக் கூடத்தில் அப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். கதவு திறந்து வெளியே வருகிறவரைக் கட்டிப்பிடிக்கப் போவது யார் என்று, காத்திருப்பவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பாதான் அதிகம் ஜெயிப்பார். இரவெல்லாம் வாசலில் நின்று மனிதர்களைப் பார்க்கிற வேலை அல்லவா.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் தமிழ் வகுப்பில் 'என் விடுமுறை' என்று கட்டுரை. "நாங்கள் விமான நிலையத்துக்குச் சென்றோம்" என்று எழுதினேன். ஆசிரியை ஆசையாக, "எந்த நாட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டார். "ஜப்பான்" என்றேன். நான் எழுதியதில் பொய் இல்லை, சொன்னதில்தான்.

விமான நிலையத்துக்கு அடுத்தது ஆர்ச்சர்ட் ரோடு. கிறிஸ்துமஸ் ஒளியூட்டு 1984இல் தொடங்கியது. நாங்கள் போன காலத்தில் அதைப் பார்க்க வருவதே தீவு முழுக்க ஒரு வழக்கமாகியிருந்தது. சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்போம். கடைசியில் ஒரு கடைத்தொகுதி வாசலில் மாலை நேரத்தில் பனி பெய்ய வைப்பார்கள். சோப்பு நுரைதான். மேலே இருந்து இயந்திரம் கக்கும். கீழே நூறு பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். வெயில் தணியாத முப்பது டிகிரியில், தலையெல்லாம் நுரையோடு, தங்கச்சி வாயைத் திறந்து அதை விழுங்கிவிட்டாள். அம்மா நடுத்தெருவில் அவள் நாக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தோமா" என்று திட்டினார். அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். "சளி பிடிக்காத பனி" என்றார்.

வீட்டிலேயே சோறு தின்றுவிட்டுத்தான் கிளம்புவோம். அது அம்மாவின் சட்டம். கடைத்தொகுதியில் கிடைக்கிற இலவசம் எதுவும் இலவசம் இல்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நுரையில் நனைந்த பிள்ளைக்குப் பசிக்கும், பசித்தால் பத்தடியில் ஒரு பர்கர் கடை. இன்றைக்கும் அதுதான் நிலைமை. ஜுவல் உள்ளே 40 மீட்டர் அருவியைச் சும்மா பார்க்கலாம். மேல்மாடியில் இருக்கும் பூங்காவுக்குக் கட்டணம். கரையோரப் பூந்தோட்டங்களில் ராட்சத மரங்களின் ஒளிக்காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும் இலவசம், தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கலாம், நன்றாகவே இருக்கும். குளிர்ந்த கண்ணாடிக் கூடத்துக்குள் போக டிக்கெட். இந்த ஊரில் இலவசம் என்பது பெரும்பாலும் வாசல் வரைதான். விதிவிலக்கு அரும்பொருளகங்கள். 2013 மே மாதத்திலிருந்து தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் காட்சிகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். மழை நாளுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அப்பாவுக்கு அந்த வசதி கிடைத்திருந்தால் எங்களுக்குச் சோழர் காலம் வரை எல்லாம் அத்துப்படி ஆகியிருக்கும்.

மழை நாளில் அவருக்கு இருந்தது நூலகம். எங்களைப் பிள்ளைகள் பகுதியில் விட்டுவிட்டு, தமிழ் நாளிதழை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூங்குவார். ஒருமுறை காவலர் ஒருவர் வந்து மெதுவாகத் தோளைத் தட்டி எழுப்பினார். இவர் சட்டென்று எழுந்து நின்று, "சாரி சார்" என்றார். வேலையில் தூங்கிப் பிடிபட்டவர் மாதிரி. நான் அலமாரிக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். பார்த்ததை அவரிடம் சொன்னதில்லை.

அந்த வருடங்களில் தங்கச்சிக்கு இரண்டரை, மூன்று வயது. எம்ஆர்டியில் 0.9 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருந்தால் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. நிலையத்தில் உயரம் பார்க்கக் கோடு போட்டிருப்பார்கள். 2000 டிசம்பரில் அவள் அந்தக் கோட்டை இரண்டு விரல் தாண்டிவிட்டாள். அம்மா அவள் காதில், "முட்டிய மடக்கிக்கிட்டு நடடி" என்றார். அவளும் வாத்து மாதிரி நடந்தாள். அப்பா நின்றுவிட்டார். "எதுக்கு இது? பிள்ளையக் கூனிக் குறுக வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போய், வரிசையில் நின்று, அவளுக்கும் டிக்கெட் வாங்கி வந்தார். அன்றைக்கு எங்கள் ஐஸ்கிரீம் அதோடு போயிற்று. காசில்லை என்று ஒளிக்காமல் சொல்கிற அம்மா முட்டியை மடக்கச் சொன்னார். வாயைத் திறந்தால் சாக்குச் சொல்கிற அப்பா மடக்க விடவில்லை. இவர்களில் யார் நேர்மையானவர் என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்த டிசம்பரில்தான் சுங்கை பூலோவுக்கும் போனோம். கிராஞ்சியிலிருந்து 925 பேருந்து. ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்த சதுப்பு நிலம். 1993இல் பூங்காவாகத் திறந்தார்கள். இப்போது கட்டணமே இல்லை, அந்நாளில் சின்னதாக ஒன்று வாங்கினார்கள். "பனி ஊர்லேருந்து பறவை வந்திருக்காம்" என்று சொல்லி அழைத்துப்போனார் அப்பா. போய்ப் பார்த்தால் சேறு. வெறும் சேறு. சேற்றில் குதிக்கும் மீன்கள், ஓர் உடும்பு. பறவை ஒன்றுகூட இல்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பலகைக் குடிலில் இருந்த தொண்டூழியர் ஒருவர், சீனப் பெரியவர், அப்பாவிடம் மலாயில் விளக்கினார். தண்ணீர் வற்றும்போது பறவைகள் எல்லாம் கடலோரச் சேற்றில் மேயப் போய்விடும். கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கும்போதுதான் உள்ளே குளங்களுக்கு வந்து நிற்கும். நீரேற்ற நேரம் பார்த்து வரவேண்டும்.

அடுத்த வார ஓய்வு நாளில் அப்பா நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு மறுபடி அழைத்துப்போனார். குடிலின் பலகை இடுக்கு வழியாகப் பார்த்தோம். மிதமான மழை. குளத்தின் நடுவே மேட்டில் நூற்றுக்கணக்கில் நின்றன. உப்புக்கொத்திகள், சிவந்த காலுள்ள உள்ளான்கள், அலகு வளைந்த பெரிய பறவைகள் சில. எல்லாம் ஒரே திசை பார்த்து, பாதி ஒற்றைக் காலில். சைபீரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடுவதற்கு முன்னால் கிளம்பி, செப்டம்பர் வாக்கில் இங்கே வந்து சேர்பவை. மார்ச் வரை இருக்கும். உள்ளங்கையில் அடங்குகிற பறவைகூட அதில் உண்டு. பனியைப் பார்க்க நாங்கள் போக ஆசைப்பட்டோம். பனியிலிருந்து தப்பித்து அவை இங்கே வந்திருந்தன.

குளத்தோரம் சாம்பல் நாரை ஒன்று தனியாக நின்றது. அதைப் பார்த்ததும் அப்பா, குடிலில் வேறு ஆட்கள் இருப்பதை மறந்து, ஒரு பாட்டைச் சொல்ல ஆரம்பித்தார். சத்திமுத்தப் புலவரின் நாரைப் பாட்டு. தோட்டப் பள்ளியில் வாத்தியார் அடித்துச் சொல்லிக்கொடுத்ததாம். நாரையின் அலகு பிளந்த பனங்கிழங்கு மாதிரி இருக்கிறது என்று வரும். "பாருடா, அப்படியே இருக்கா இல்லையா?" என்றார். நான் பனங்கிழங்கைப் பார்த்ததில்லை. (பாட்டில் வருவது கால் சிவந்த நாரை, இது வேறு இனம் என்று பறவை நோக்கும் நண்பர்கள் இப்போது திருத்துவார்கள்.) ஆணும் பெண்ணுமாய் நாரைகள் குமரியில் நீராடிவிட்டு வடக்கே கிளம்பும் இடம் வரை சொல்லிவிட்டு நிறுத்தினார். "அவ்வளவுதான்" என்றார். பிறகு குடிலின் மறுபக்கம் போய் நீரிணைக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஜொகூர் பாரு தெரியும். பாட்டி அங்கே கூலாயில்தான் இருந்தார். டிசம்பரில் போகலாமே என்று கேட்டால், "சுங்கச்சாவடில கூட்டமா இருக்கும்."

பாட்டின் மீதியை நான் உயர்நிலைப் பள்ளியில் தற்செயலாகப் படித்தேன். அந்த நாரைகளிடம் புலவர் ஒரு வேலை சொல்கிறார். என் ஊர்க் குளத்தில் இறங்கி, நனைந்த சுவருள்ள வீட்டில் பல்லி சொல்லும் சொல்லுக்குக் காத்திருக்கும் என் மனைவியைப் பாருங்கள். உன் புருஷனை மதுரையில் பார்த்தோம், உடுத்தத் துணி இல்லாமல், வாடைக் காற்றில் மெலிந்து, கையால் உடம்பைப் பொத்திக்கொண்டு, பெட்டிக்குள் கிடக்கும் பாம்பு மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறான் அந்த ஏழை என்று சொல்லுங்கள். இதுதான் பாட்டு. இதற்காகத்தான் பாட்டு. அப்பா அழகை மட்டும் சொல்லிவிட்டு ஏழையை மறைத்துவிட்டார். மறந்துபோனதால் நிறுத்தியிருப்பார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அடித்துச் சொல்லிக்கொடுத்த பாட்டை யாரும் பாதியில் மறப்பதில்லை.

இந்த டிசம்பர் முதல் வாரம், அப்பா அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, நாம ஏன் ஸ்னோ பாக்கப் போகல?"

"அப்பாவுக்கு இப்ப வேலை இல்ல. காசில்ல குட்டி" என்றேன்.

அவள் "ஓ" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை எடுத்தாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவள் எழுந்து போனதும், "பிள்ளைகிட்ட அப்படிச் சொல்வாங்களா?" என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் கை நடுங்கியது.

"நீங்க சொல்லாம இருந்தீங்க. எங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா தெரிஞ்சிட்டுப் போகுது. நான் சொல்லல இல்ல?"

"அவ நாளைக்கு வகுப்புல பொய் சொல்லணும்ப்பா. நான் சொன்னேன்."

ஜப்பான் கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன், இருபத்தைந்து வருடம் கழித்து. சொல்லியிருக்க வேண்டாம். அவர் கை கழுவிவிட்டு வந்து தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அம்மா, "நான் அப்பவே எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னேன், என்னை எவன் கேட்டான்" என்று தட்டுகளை எடுத்தார்.

இரண்டு நாள் அப்பா பேசவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில், "ஞாயித்துக்கிழமை தண்ணி எத்தன மணிக்கு ஏறுதுன்னு பாரு. உனக்கு அதான் போன்லயே தெரியுமே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு வேலை. நாங்கள் நால்வரும் 925இல் போனோம். மகளுக்கு இன்னும் ஏழு வயதாகவில்லை. சலுகை அட்டை இருப்பதால் இந்த மாதம் வரை அவளுக்குப் பேருந்தும் ரயிலும் இலவசம், முட்டியை மடக்க வேண்டியதில்லை. பசாரில் சிடிசி பற்றுச்சீட்டைக் கொடுத்து வாங்கிய நாசி லெமாக் நான்கு பொட்டலம். நீரேற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம், மறுபடி சேறுதான். மகளுக்கு அதில் குறையே இல்லை. அவள் உடும்பு எண்ணிக்கொண்டிருந்தாள்.

குளத்தோரம் நாரை நின்றது. அப்பா பேத்தியைத் தூக்கிப் பலகை இடுக்கில் காட்டி, பாட்டைச் சொன்னார். குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, சொல் ஒன்றும் தவறவில்லை. பனங்கிழங்கு வந்தது, குமரி வந்தது, வடக்கே கிளம்பும் இடம் வந்தது. நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் பறந்து போயிடுச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள், பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார்: "எங்க பறந்துச்சு? அந்தாளு போட்டுக்கத் துணிகூட இல்லாம குளுருல நடுங்கிக்கிட்டுக் கெடந்தான். பொண்டாட்டிகிட்ட சொல்லுன்னு அதுகிட்ட சொல்லி அனுப்பினான். பாதியோட நிறுத்துறாரு தாத்தா."

அம்மாவுக்கு அந்தப் பாட்டு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது என்று அவர் முகம் சொன்னது.

"அப்புறம் யாரு அவருக்குத் துணி குடுத்தா?" என்றாள் மகள்.

அப்பா உடனே பிடித்துக்கொண்டார். "ராஜா! பாண்டிய ராஜா ராத்திரி நகர்வலம் வந்தாரா, இந்தப் பாட்டக் கேட்டாரு. கேட்டுட்டுத் தன்னோட மேலாடைய எடுத்து அப்படியே அவர் மேல போட்டாரு."

"ராஜா காசும் குடுத்தாரா?"

"குடுத்தாரு, குடுத்தாரு" என்றார் அப்பா.

"நீ மொதல்ல இதச் சாப்பிடு" என்றார் அம்மா, நெத்திலியை ஒதுக்கிவிட்டு முட்டையை அவள் பக்கம் தள்ளி. வெளியே சேற்றின் ஓரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது.